அம்மாவின் முழங்காலும் குச்சவெளி மணலும்: ஒரு ஃபோர் வீல் வாகனத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

“டிஃபெண்டர் ஒன்று பார்த்து வச்சிருக்கிறன் அண்ணன். நீங்கள் வந்து ஓம் எண்டு சொன்னால் போதும்.”

2024 தை மாதம் ஓர் இரவு சேர் அழைத்துச் சொன்னது இது. சேர் என்று நான் எழுதுவது திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு விஞ்ஞான ஆசிரியரை. பெயர் போட வேண்டாம் என்றார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் எனக்கும் வசதி. நான் இருபது வருடம் கராஜ் நடத்தி, இடுப்பு விட்டுப்போன பிறகு, வாகனம் வாங்குகிறவர்களோடு கூடப் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறவன். கூப்பிடுகிறவர்கள் பாதிப்பேருக்கு ஆலோசனை தேவைப்படாது. மனதில் முடிவு எடுத்துவிட்டு, ஆசீர்வாதம் கேட்டு வருவார்கள். சேரும் அன்று அப்படித்தான் வந்தார்.

அந்த டிஃபெண்டரை, அதாவது லாண்ட்ரோவரின் உயர்ந்த ஜீப்பை, நாங்கள் வாங்கவில்லை. என்ன வாங்கினோம், ஏன், வாங்கிய பிறகு எங்கே பிழைத்தது என்பதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். விலைகளை எழுதப் போவதில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 மாசியில். நாங்கள் தேடியது அந்த இடைவெளியில். நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறிய காலம் அது. அந்த விலையை இன்று சொன்னால் யாருக்கும் பயன்படாது.

வீடும் ஓட்டமும்

சேரின் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. மாறி மாறி வரும் டியூட்டி. பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்பது வயதும் பதினான்கு வயதும். கூடவே எழுபத்தொரு வயது அம்மா. அம்மாவுக்கு வலது முழங்கால் மடியாது. இந்த ஒரு வரியை முதல் நாளே யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பலகாமத்தில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் வயல் இருக்கிறது, குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். விதைப்புக்கும் வெட்டுக்கும் சேர் போய் நிற்பார். பிரதான வீதியிலிருந்து வயலுக்கு மூன்று கிலோமீற்றர் வரம்புப் பாதை. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகு.

அடுத்தது தூண்டில். இதுதான் முழுக் கதைக்கும் காரணம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, விடிய முன், குச்சவெளிக்கு அப்பால் ஒரு களப்பு வாய்க்குப் போவார். பாரையும் கொடுவாவும் அங்கே கிட்டும், சில நாள் சீலா. 12 அடிக் கயாக் ஒன்றும் வைத்திருக்கிறார். காட்டு விளையாட்டு என்றால் வெளிநாட்டுக்காரனுக்குத் துவக்கும் நாயும் வைத்து வேட்டை. எங்களுக்கு 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, வேட்டைப் பக்கம் போகத் தேவையில்லை. தூண்டிலும் கயாக்கும் கூடாரமும் போதும்.

அப்போது அவரிடம் இருந்தது 660 சி.சி. ஹைபிரிட் கார் ஒன்று. பெற்றோல் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும். நிலத்துக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. முந்தைய கார்த்திகையில் வரம்புப் பாதையின் நடு முதுகில் ஏறி, சில்லு அந்தரத்தில் சுற்ற, விதைநெல் மூட்டைகளை இறக்கி, கார் லாண்ட்மாஸ்டர் என்ற கை டிராக்டரில் கட்டி இழுக்கப்பட்டது. அந்த அவமானத்தில்தான் டிஃபெண்டர் முளைத்தது.

முப்பது நாள் கொப்பி

நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. ஒரு கொப்பி எடுத்து டாஷ்போர்டில் வையுங்கள், முப்பது நாளைக்கு ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதுங்கள் என்றேன். எங்கே, எத்தனை கிலோமீற்றர், யார் யார் ஏறினார்கள், என்ன ஏற்றினீர்கள். ஆசிரியர் அல்லவா, கோடு போட்டு, சிவப்பு நீலம் இரண்டு பேனையில் எழுதிக்கொண்டு வந்தார்.

மொத்தம் 1,380 கிலோமீற்றர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, ரியூசன் என்று டவுனுக்குள் 610. கொழும்புக்கு ஒருதரம் போய் வந்தது 520. குச்சவெளிப் பக்கம் இரண்டு தரம், 140. தம்பலகாமம் இரண்டு தரம், 110. இதில் உண்மையிலேயே மணலிலும் சேற்றிலும் ஓடியது எவ்வளவு என்று தனியே கூட்டச் சொன்னேன். களப்பு வாயில் இருக்கும் வாடிக்கு, அதாவது மீனவர் கொட்டிலுக்கு, போகும் மணற்பாதை ஒரு வழிக்கு ஒன்றரை, வரம்பில் மோசமான துண்டு ஒன்றேகால். இரண்டு மாதிரியான பயணமும் இரண்டிரண்டு தரம், போக வர. பதினொரு கிலோமீற்றர்.

1,380இல் 11. நூற்றுக்கு ஒன்று கூட வரவில்லை.

சேர் கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பதினொண்டுக்காகத்தானே அண்ணன் மிச்சமெல்லாம் ஓடுறன்” என்றார். அதுவும் சரிதான். ஆனால் கொப்பியில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. “அம்மா, கிளினிக்” என்று நீலத்தில் ஆறு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறிய எழுத்தில் “ஏற 5 நிமிடம்” என்று எழுதியிருந்தார். அது தாழ்ந்த கார்; குனிந்து உள்ளே இறங்குவது கஷ்டம். உயர்ந்த ஜீப் என்றால் அதே முழங்காலோடு மேலே ஏற வேண்டும். அன்றைக்குத்தான் முழங்கால் கதை வந்தது. பதினொரு கிலோமீற்றருக்கு மணலைப் பார்க்கலாம், மாதத்தில் ஆறு தரம் முழங்காலைப் பார்க்க வேண்டும். நான் தேர்வு செய்த வரிசை அதுதான்: முதலில் அம்மா, அடுத்தது தார், கடைசியில் மணல்.

எல்லா ஃபோர் வீலும் ஃபோர் வீல் அல்ல

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காசு வீணாவது இங்கேதான்.

எங்கள் பக்கத்தில் ஃபோர் வீல் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறோம். முதலாவது, பழைய ஜீப்பிலும் ஜிம்னியிலும் பின்னால் பாரப் பெட்டி வைத்த டபுள் கேப்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது. சாதாரணமாகப் பின் சில்லு மட்டும் இழுக்கும். லீவரை அல்லது பட்டனைப் போட்டால் முன் சில்லும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷல், அதாவது இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லிணைப்பு, கிடையாது. வண்டி வளையும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீளமான வளைவில் ஓடும். மணலிலும் சேற்றிலும் சில்லு ஒரு துளி வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, முறுக்கு முழுவதும் கியர்ப் பெட்டிக்குள் ஏறும். ஸ்டியரிங் இறுகும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி தயங்கும். தெரியாமல் கந்தளாய் வீதியில் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு வந்து, “கியர்ப் பெட்டியில் சத்தம்” என்று என் கராஜில் நின்றவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, மென்மையான வகை. முன் சில்லு இழுத்துக்கொண்டிருக்கும். அது வழுக்கினால் ஒரு கப்ளிங் இறுகிப் பின் சில்லுக்குக் கொஞ்சம் பலம் அனுப்பும். சி.ஆர்.வி., எக்ஸ்ட்ரெயில் போன்றவற்றில் இருப்பது இது. ஈரத் தாருக்கும் சேறு பூசிய வரம்புக்கும் நல்லது. நீண்ட நேரம் மணலில் உழைத்தால் கப்ளிங் சூடேறும், சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விட்டுவிடும். அப்போது உங்களிடம் இருப்பது ஒரு சாதாரண முன் சில்லு கார், அதுவும் மணலுக்கு நடுவில்.

மூன்றாவது, எப்போதும் நாலு சில்லும் இழுக்கும், நடுவில் டிஃபரன்ஷலும் இருக்கும், தேவைப்பட்டால் அந்த டிஃபரன்ஷலைப் பூட்டவும் முடியும் என்ற வகை. டிஃபெண்டர், பிராடோ, 2005இல் வந்த கிராண்ட் விட்டாரா எல்லாம் இதில் சேரும். பஜேரோ, மொன்டெரோவின் சூப்பர் செலெக்ட் இதற்கும் முதலாவதற்கும் நடுவில்: இரண்டு சில்லிலும் ஓடலாம், தாரில் நாலிலும் ஓடலாம், மணலில் பூட்டவும் செய்யலாம்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை: லோ ரேஞ்ச், அதாவது சிறு பல். களப்பு வாய்ச் சரிவில் கயாக்கும் நாலு பேரும் ஏறிய வண்டியைக் காலடி வேகத்தில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நகர்த்துவது அது. வேகமாக மிதித்தால் சில்லு கிணறு தோண்டும். சிறு பல் இல்லாத வண்டியில் மணலுக்குள் இறங்குகிறவர்கள் வேகத்தை நம்பிப் போகிறார்கள். வேகம் இருக்கும் வரை நல்லது.

எதை ஏன் விட்டோம்

டிஃபெண்டர்: சேருக்கு அது ஒரு கனவு, கனவோடு வாதாட முடியாது. நான் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிந்தவரின் டிஃபெண்டர் 110ஐ இரவல் வாங்கி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அம்மா படியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “நான் வீட்டில நிக்கிறன் தம்பி, நீங்கள் போட்டு வாங்கோ” என்றார். அவ்வளவுதான். கண்டிப் பக்கத்திலிருந்து அந்த வண்டியைப் பற்றி வந்த அழைப்பைச் சேர் பிறகு எடுக்கவேயில்லை.

டபுள் கேப்: வேலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. மீன் மணம் வெளியே இருக்கும் என்பதற்காகவே சேரின் மனைவி இதை ஆதரித்தார். ஆனால் நீளம் ஐந்து மீற்றரைத் தாண்டும், ஆஸ்பத்திரி வாசலில் திருப்ப இடம் வேண்டும். பின் ஸ்பிரிங் பாரத்துக்காக அடித்தது. வெறும் பெட்டியோடு ஓடினால் பின் இருக்கையில் இருக்கிறவரின் எலும்பு எண்ணப்படும். வெறும் பெட்டி இலேசானது என்பதால் ஈரத் தாரில் பின்பக்கம் வழுக்கவும் செய்யும். விலையோ, நாங்கள் கடைசியில் கொடுத்ததற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மொன்டெரோ: உட்கார்ந்து பார்த்தால் எழும்ப மனம் வராது. 3.2 டீசல், ஏழு பேர் போகலாம். பாரம் இரண்டு தொன்னைத் தாண்டும். மணலில் பாரம்தான் எதிரி, எஞ்சின் பலம் அதைத் தூக்கிவிடாது. பழைய டீசல் பம்பும் இன்ஜெக்டரும் ஒருநாள் காசு கேட்கும், கேட்டால் மொத்தமாகக் கேட்கும். ஆசிரியர் சம்பளத்தில் அது வேண்டாம் என்றேன்.

ஜிம்னி என் சொந்தப் பிரியம். ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டிய பாரம், சட்டகம் தனி, சிறு பல் உண்டு, மணலில் கோழிக்குஞ்சு போல ஓடும். மற்றவர்கள் வின்ச் பூட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் இது பேசாமல் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜிம்னிக்கு நாலு இருக்கை, வீட்டில் ஐந்து பேர். மூன்று கதவு வண்டியின் பின்னுக்கு ஏறுவதும் ஒரு சர்க்கஸ். சேர் தனி ஆளாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

மென்மையான வகையை நான் நினைத்ததைவிட நீண்ட நேரம் மேசையில் வைத்திருந்தோம். கொப்பிக் கணக்குப்படி பார்த்தால் அதுதான் நியாயமான தேர்வு, நான் அதை ஒத்துக்கொள்கிறேன். வாடிப் பாதையின் கடைசி 300 மீற்றர் மட்டும் இல்லையென்றால் சேரை அதற்கே தள்ளியிருப்பேன். அந்த 300 மீற்றர் பொடி மணல், ஏற்றம்.

ஆக, மிஞ்சியது ஐந்து கதவு கிராண்ட் விட்டாரா, 2.0 பெற்றோல், ஆட்டோ கியர். ஐந்து இருக்கை. நிலத்திலிருந்து 20 சென்றிமீற்றர். எப்போதும் நாலு சில்லு, நடுப் பூட்டு, சிறு பல், மூன்றும் ஒரு திருகு சுவிட்சில். நீளம் நாலரை மீற்றர். இருக்கையின் உயரம் அம்மாவுக்கு அரைப்படி மட்டும் கூட. குறை: பெற்றோல் குடிக்கும். இன்னொரு குறை, முன் அச்சிலும் பின் அச்சிலும் பூட்டு இல்லை. குறுக்கு மூலையில் இருக்கும் இரண்டு சில்லு ஒரே நேரத்தில் தூக்கினால் மற்ற இரண்டும் பேசாமல் இருக்கும். வரம்புப் பள்ளத்தில் இது நடக்கும். பள்ளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள் என்று சேருக்குப் படம் கீறிக் காட்டினேன்.

சுத்தியலோடு மூன்று இடம்

முதல் வண்டி எங்கள் கரையிலேயே, கடலுக்குக் கல்லெறி தூரத்தில் நின்றது. வெள்ளை நிறம், மினுக்கம். நான் எங்கே போனாலும் சட்டைப் பைக்குள் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும், தட்டான் வைத்திருப்பது போல. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, பின் சில்லுக்கு முன்னாலுள்ள பெட்டிச் சட்டத்தைத் தட்டினேன். நல்ல இரும்பு “டிங்” என்னும். இது “தொப்” என்றது. இரண்டு விரல் தள்ளித் தட்டினேன், அதே தொப். மூன்றாவது தட்டில் கறுப்புப் பூச்சோடு ஒரு செதில் என் கண்ணாடியில் விழுந்தது. செதிலின் உட்பக்கம் முழுதும் மண்ணிறப் பொடி. உப்புக் காற்று மேலே பெயின்ரைத் தொடாமல், சேறு தங்கும் மடிப்புக்குள் இருந்து வேலை செய்யும். பிரேக் குழாயைத் தடவிப் பார்த்தேன், பாம்புச் சட்டை மாதிரிச் சொரசொரப்பு. சாக்கை மடித்துக்கொண்டு வந்துவிட்டோம். உரிமையாளர் இதமான மனிதர், தேத்தண்ணி தந்தார். சுத்தியல் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாவது குருநாகல் பக்கம். வண்டி சுத்தம், கடதாசி அழுக்கு. பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் விற்க வந்தவருடையது அல்ல, அவருக்கு விற்றவருடையதும் அல்ல. ஓப்பன் பேப்பர் என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். நடுவில் எத்தனை பேர் என்று கேட்டால், “அது பிரச்சினை இல்லை” என்ற பதில். கையெழுத்து வைத்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, லீசிங் முடிந்ததா என்று தெரியாமல் காசைக் கொடுப்பது தூண்டில் போடாமல் மீன் கேட்பது போல. பத்து நிமிடம் கூட நிற்கவில்லை.

மூன்றாவது அனுராதபுரத்தில். உலர்ந்த ஊர், உப்பு இல்லை. சுத்தியல் நல்ல சொல் சொன்னது. எஞ்சினும் கியரும் சரி. பிறகு ஒரு புல் நிலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, சுவிட்சைச் சிறு பல்லுக்குத் திருப்பினேன். டாஷ்போர்டில் பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது. மின்னி நின்றுவிட வேண்டும், அப்போதுதான் பல் விழுந்திருக்கிறது. இது மின்னிக்கொண்டே இருந்தது. அரை மீற்றர் முன்னே, அரை மீற்றர் பின்னே உருட்டிப் பார்த்தேன். மின்னல்தான்.

“ஐயா, எட்டு வருசமாக வைத்திருக்கிறேன், அந்த சுவிட்சைத் தொட்டதே இல்லை” என்றார் உரிமையாளர், பெருமையாக.

அதுதான் வியாதி. தொடாத சாமான் இறுகிவிடும். திருப்பும் மோட்டரில் கிரீஸ் காய்ந்து கல்லாகியிருக்கும் என்பது என் கணிப்பு. உள்ளே பல் உடைந்திருக்கவும் கூடும். பிந்தியதற்கு ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொன்னோம். இரண்டு மணி நேரப் பேச்சு. பாதியைக் குறைத்தார். கிண்ணியாவில் ஒரு வயரிங் நானா இருக்கிறார், என்னுடைய பழைய கூட்டாளி. அவர் மோட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டினார். ஒரு பகல் வேலை. திருப்பியதும் விளக்கு மூன்று தரம் மின்னி நின்றது. நானா சிரித்துக்கொண்டு, “மாசத்துக்கு ஒருக்கா திருப்புங்க சேர், பொண்டாட்டியோட கதைக்கிற மாதிரி” என்றார். சேரின் மனைவி பக்கத்திலேயே நின்றார்.

நான் விட்ட பிழையையும் எழுதிவிடுகிறேன். ஓடும் நாலு டயரின் பக்கச் சுவரிலும் தயாரித்த வாரமும் வருடமும் காட்டும் நாலு இலக்கத்தைப் பார்த்தேன், எல்லாம் நல்லது. பின் கதவில் உறைக்குள் தொங்கிய ஐந்தாவதைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஆவணியில் கந்தளாய்க்கு அருகே பஞ்சர் ஆகி அதை மாட்டிய அரை மணி நேரத்தில் மேல்தோல் உரிந்தது. இலக்கம் 2311, அதாவது 2011இன் 23ஆவது வாரம். பதின்மூன்று வயது டயர். யானை இறங்கும் வீதியில், பொழுது படுகிற நேரத்தில், குடும்பத்தோடு. சேர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரை, கரைவலைக்காரர் முன்னிலையில்

வாங்கியது பங்குனிக் கடைசியில். சித்திரையில், கடல் அடங்கிய பிறகு, முதல் தூண்டில் பயணம். நானும் போனேன். வாடிப் பாதையின் கடைசி 300 மீற்றரில் வண்டி புதைந்தது. நடுப் பூட்டு போட்டாயிற்று, சிறு பல் போட்டாயிற்று, விளக்கெல்லாம் சரி. சேர் பதறி மிதிக்க, பின் சில்லு அச்சு வரை இறங்கியது.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மெதுவாக நடந்து வந்து, சில்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“காத்து எவ்வளவு?”

“முப்பத்திரண்டு” என்றார் சேர்.

“தாரில போற காத்தோட வந்தா மண்ணு விடுமா? திறந்து விடுங்க.”

சேருக்கு இதைச் சொல்லி வைக்காதது நான்தான். வாகனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன் இதை விட்டுவிட்டேன். குச்சி ஒன்றால் வால்வை அழுத்தி, அளவு கருவியால் பார்த்துப் பார்த்து, நாலிலும் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினோம். காற்று இறங்க இறங்க டயரின் வயிறு பிதுங்கி, நிலத்தைத் தொடும் இடம் நீளும். அதே பாரம் கூடுதல் மணலில் பரவும், அதனால் சில்லு தோண்டாமல் மேலே மிதக்கும். கையால் மணலை வாரி, பாதையை ஒரு அடி சாய்வாக்கி, சிறு பல்லில், காலை எடுத்துவிட்டு உருளவிட்டோம். யாரும் தள்ளவில்லை. வண்டி தானாக ஏறி வந்தது, பூனை மாதிரி.

அன்றிலிருந்து வண்டியில் 12 வோல்ட் காற்றுப் பம்பு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. தார் தொடங்கும் இடத்தில், குச்சவெளி வீதியோரம், நாலு டயருக்கும் காற்றடிக்கச் சேருக்கு ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். இளகிய காற்றோடு தாரில் வேகமாக ஓடினால் டயர் சூடேறிக் கெட்டுப்போகும். மணலிலும் வெட்டித் திருப்பினால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இதற்குச் செலவான மொத்தக் காசு ஒரு நல்ல தூண்டில் ரீலின் விலைகூட வராது. வண்டியின் விலையில் பாதியை நாங்கள் நாலு சில்லுக்கும் சிறு பல்லுக்கும் கொடுத்தோம் என்று வைத்தால், அதை வேலை செய்ய வைத்தது இந்தச் சின்னப் பம்பு.

கரையில் வண்டி ஓட்டுவதைப் பற்றி இருவருக்கும் ஒரு வாக்குவாதம் உண்டு. அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும், ஓட்ட ஆசையாக இருக்கும். நான் வேண்டாம் என்கிற கட்சி. உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்துக்கு விஷம், அது ஒன்று. எங்கள் கரையில் ஆமை ஏறி முட்டை இடுகிறது, அது இன்னொன்று. வாடியோடு வண்டியை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். 28 கிலோ, இரண்டு பேர். சேர் முறைப்பார், ஆனால் நடப்பார். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரால் சில்லுக் குழிகளையும் அடியையும் கழுவுவது பதினான்கு வயதுக்காரனின் வேலை.

மழையும் கணக்கும்

கார்த்திகை விதைப்புக்கு வரம்புப் பாதையில் வண்டி சிரமமில்லாமல் போனது. நடுப் பூட்டோடு, டிராக்டர் பள்ளத்தை நேராகக் கடந்து. அது பற்றி எழுத வேறொன்றும் இல்லை. எழுத வேண்டியது மூதூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட நாள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்குமுன் அந்த வழியில் பாதையில்தான் போனோம். எங்களூரில் பாதை என்றால் வாகனம் ஏற்றும் இழுவைப் படகு. இன்று 396 மீற்றர் பாலத்தில் கண் மூடித் திறக்கக் கடந்துவிடலாம். ஆனால் உள்வீதிக்குத் திரும்பிய இடத்தில் மழைத் தண்ணீர் வீதியைக் குறுக்கறுத்து ஓடியது. ஆழம் முழங்காலுக்குக் கீழேதான். சேர் சுவிட்சில் கை வைத்தார். நான் இறங்கி ஒரு தென்னம் மட்டையைப் போட்டுக் காட்டினேன். அது போன வேகத்தைப் பார்த்துவிட்டு அவரே ரிவேர்ஸ் போட்டார். ஓடும் தண்ணீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், நாலு சில்லும் இழுத்தாலும் பிடிக்க நிலம் வேண்டும். கலியாணச் சாப்பாட்டைத் தவறவிட்டோம்.

இனிப் பெற்றோல். முன்பு மாதம் 1,380 கிலோமீற்றருக்கு 69 லீற்றர் போதும். விட்டாரா டவுனும் வெளியும் கலந்து 8.5 தருகிறது, அதே ஓட்டத்துக்கு 162 லீற்றர் வேண்டும். இந்தக் கணக்கை வாங்குமுன் எழுதிக் காட்டினேன், தலையாட்டினார்கள். எழுத்தில் பார்ப்பது வேறு, பம்பில் நிற்பது வேறு. மூன்றாவது மாதம் சேரின் மனைவி மறுபடியும் ஸ்கூட்டியில் டியூட்டிக்குப் போகத் தொடங்கினார். சேர் கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறார். வண்டியின் மாத ஓட்டம் இப்போது 700க்குக் கிட்ட. எனக்கு இதில் மனக்குறை உண்டு: வீட்டில் ஒரே வாகனம் என்று வைத்துத்தான் நான் தேர்ந்தேன், அது தாரில் ஓடும் நாட்கள் பாதியாகிவிட்டன. ஹைபிரிட் காரை விற்காமல், பாதி விலையில் இன்னும் பழைய, இன்னும் இலேசான ஒரு ஜீப்பை வாரக் கடைசிக்கு வாங்கியிருக்கலாமோ என்று சேரிடமே கேட்டேன். “அப்ப அம்மா எதில போறது?” என்றார்.

அம்மாவுக்கும் அந்த அரைப்படி கொஞ்சம் உயரம்தான். தச்சு பாஸ் ஒருவரைக் கொண்டு வேப்பம் பலகையில் ஆறு அங்குல உயரத்தில் ஒரு சின்ன முக்காலி செய்வித்தோம். ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அம்மா ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்துத் தானே உள்ளே எடுத்துக்கொள்வார், யாரும் குனிய வேண்டியதில்லை. கிளினிக்குக்கு ஏற இப்போது ஒரு நிமிடம். பிரச்சினை என்னவென்றால், வாடிக்குப் போகும்போது சேர் அந்த முக்காலியில்தான் குந்தியிருந்து தூண்டில் போடுகிறார். போன திங்கள் அம்மா அதில் கால் வைக்குமுன் மூக்கைச் சுருக்கி, “இதில ஆரடா மீன் வெட்டினது?” என்று கேட்டாராம். இரண்டாவது முக்காலிக்குப் பாஸிடம் சொல்லியிருக்கிறது.